ஸ்டீமும் எபிக்கும் மோதியபோது வாங்குபவருக்குக் கிடைத்தது என்ன?

கணினி கேம்களை விற்கும் இணையக் கடைகளின் போட்டியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 30, 12 என்ற இரண்டு எண்களிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒரு கேமின் விற்பனை விலையில் ஸ்டீம் என்னும் கடை வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் கமிஷன் 30 விழுக்காடு. 2018 டிசம்பரில் அதற்கு எதிராகத் திறக்கப்பட்ட எபிக் கேம்ஸ் ஸ்டோர், தனக்கு 12 விழுக்காடு போதும் என்று அறிவித்தது. கேமை உருவாக்கி விற்பவருக்கு இந்த வேறுபாடு ஒரு நிறுவனம் பிழைப்பதா மூடுவதா என்பதையே தீர்மானிக்கக்கூடியது என்றாலும், விலை கொடுத்து வாங்குபவரின் கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரிவதே இல்லை, ஏனெனில் ஒரு கடையில் 60 டாலருக்கு விற்கும் கேம் மற்ற கடையிலும் ஏறக்குறைய 60 டாலருக்கே விற்கிறது. இவ்வளவு பணமும் இத்தனை ஆண்டுகளும் செலவான ஒரு போட்டியில் வாங்குபவரின் பங்கு ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்று ஆராய்ந்தால், கமிஷனைவிட அடிப்படையான ஒரு செய்தி வெளிப்படுகிறது: வாங்கிய கேம்களை எடுத்துக்கொண்டு ஒரு கடையிலிருந்து மற்றொன்றுக்குப் போக வாங்குபவருக்கு வழியே இல்லை.

ஸ்டீம் கடையாகப் பிறக்கவில்லை. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் 1996இல் தொடங்கிய வால்வ் நிறுவனத்துக்கு, 1998இல் வந்த ஹாஃப்-லைஃப் கேமும், அதன் மீது ரசிகர்கள் கட்டியெழுப்பிப் பின்னர் வால்வின் உடைமையான கவுண்டர்-ஸ்ட்ரைக்கும் பெரும்பெயர் தேடித் தந்தன. ஆனால் இணையம் வழியே பலர் சேர்ந்து ஆடும் கேமில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருந்தாக வேண்டும் என்பதால், ‘பேட்ச்’ எனப்படும் திருத்தக் கோப்பு ஒவ்வொன்று வெளியாகும்போதும், அதை அவரவர் தேடித் தரவிறக்கி நிறுவி முடிக்கும் வரை ஆட்டம் குழம்பிக் கிடந்தது. இந்தத் தொல்லையைத் தீர்க்க, கேம்களைத் தானாகவே புதுப்பிக்கும் மென்பொருளாக 2003 செப்டம்பர் 12 அன்று ஸ்டீம் வெளியிடப்பட்டது. 2004 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2 கேமைப் பெட்டியில் வட்டாக வாங்கியவர்கள்கூட, ஸ்டீமில் கணக்குத் தொடங்கி இணையம் வழியே உறுதிசெய்த பிறகே ஆட முடியும் என்று வால்வ் விதித்தபோது எழுந்த எதிர்ப்பு சிறியதன்று. கையில் இருக்கும் வட்டு மட்டும் போதாது, நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும் என்ற ஏற்பாடு கணினி கேம் உலகில் பரவலாக வேரூன்றியது அப்போதுதான். இன்றைய சிக்கலின் தொடக்கமும் அங்கேதான் இருக்கிறது.

2005இல் வால்வ் பிறருடைய கேம்களையும் விற்கத் தொடங்கியது. பெட்டியில் விற்ற காலத்தில் கடைக்காரர், விநியோகஸ்தர், வெளியீட்டு நிறுவனம் ஆகியோர் எடுத்தது போக உருவாக்கியவருக்கு மிஞ்சியது சொற்பம் என்பதால், விலையில் 70 விழுக்காடு கையில் கிடைக்கும் என்ற வாக்குறுதி அன்று தாராளமானதாகவே தோன்றியது. சேமித்த ஆட்டத்தை எந்தக் கணினியிலும் தொடர உதவும் கிளவுட் சேமிப்பு, நண்பர் பட்டியல், ரசிகர்கள் தாங்களே செய்த மாற்றங்களைப் பகிரும் வொர்க்‌ஷாப், பண்டிகைக் காலத் தள்ளுபடிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. திருட்டுப் பிரதி என்பது விலை சார்ந்த பிரச்சினையைவிட சேவை சார்ந்த பிரச்சினையே என்றும், திருடர்களைவிட நல்ல சேவை தந்தால் மக்கள் பணம் கொடுத்து வாங்குவார்கள் என்றும் 2011இல் நியூவெல் சொன்ன கருத்து பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஸ்டீமின் வளர்ச்சி அந்தக் கருத்துக்குச் சான்றாகவே அமைந்தது. 2025இல் ஒரே நேரத்தில் அதில் இணைந்திருந்தோரின் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டியது.

ஸ்டீமை விட்டுத் தனிக்கடை போட முயன்ற பெரிய நிறுவனங்கள் பல. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2011இல் ஒரிஜின் என்ற கடையைத் திறந்து, பேட்டில்ஃபீல்டு 3, மாஸ் எஃபெக்ட் 3 போன்ற தன் முதன்மையான கேம்களை ஸ்டீமுக்குத் தராமல் அங்கேயே விற்றது. அந்த ஒரிஜின்தான் 2013இல், வாங்கிய கேமைக் குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை முழுமையாகப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைத் தன் சொந்த கேம்களுக்குக் கொண்டுவந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வாங்குபவரை நேரடியாகக் கருதிச் செய்யப்பட்ட நல்ல போட்டிக்கு அது அரிய எடுத்துக்காட்டு. ஸ்டீம் அதே வசதியை, வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் என்ற வரம்புடன், 2015 ஜூனில்தான் தந்தது. அதற்குள் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது வழக்குத் தொடுத்திருந்தது. அந்த வழக்கில் 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே இன்று உலகெங்கும் ஸ்டீம் பயனாளர்கள் இயல்பாக எண்ணும் திருப்பித்தரும் வசதிக்குப் பின்னே போட்டிக் கடை ஒன்றின் முன்முயற்சியும் ஓர் அரசு அமைப்பின் வழக்கும் இருக்கின்றன.

ஆனாலும் ஒரிஜின் நிலைக்கவில்லை. 2019இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் கேம்களுடன் ஸ்டீமுக்குத் திரும்பியது. அதே ஆண்டில் ஸ்டீமை விட்டு எபிக்கின் பக்கம் சாய்ந்த யூபிசாஃப்ட் என்ற வெளியீட்டு நிறுவனமும் 2022 இறுதியில் திரும்பி வந்தது. மைக்ரோசாஃப்டின் ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ கடை 2013இலேயே மூடப்பட்டது. இவற்றுக்கெல்லாம் சொல்லப்படும் பொதுவான விளக்கம் ஸ்டீமின் தரம் என்பது. அதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. பத்து ஆண்டுகளாக ஒரு கடையில் இருநூறு கேம்கள் சேர்த்து வைத்திருக்கும் ஒருவருக்கு, இரண்டாவது கடையில் வாங்கும் ஒவ்வொரு கேமும் தன் தொகுப்பிலிருந்து பிரிந்து தனியே நிற்பதாகவே படுகிறது. ஒரு புத்தகக் கடையை விட்டு வேறு கடைக்குப் போகிறவர், முன்பு வாங்கிய புத்தகங்களை எல்லாம் பழைய கடைக்காரரின் பூட்டிய அறையில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. கேம் வாங்குபவரோ அப்படி விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

இந்தப் பூட்டை உடைக்கப் பெரும் பணத்தைக் கொட்டத் துணிந்து வந்த நிறுவனம் எபிக். டிம் ஸ்வீனி 1991இல் தொடங்கிய இந்நிறுவனம், பிற நிறுவனங்கள் கேம்களைக் கட்டமைக்கப் பயன்படுத்தும் அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளால் அறியப்பட்டது. 2017இல் வெளியான ஃபோர்ட்நைட் அதற்குப் பெருஞ்செல்வத்தைக் கொண்டுவந்தது. எபிக் தன் கடையை அறிவிப்பதற்குச் சில நாள்கள் முன்னதாக, ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 விழுக்காடும், 5 கோடியைத் தாண்டினால் 20 விழுக்காடும் மட்டுமே எடுப்போம் என்று வால்வ் தன் விதியை மாற்றியது. பெரிய வெளியீட்டு நிறுவனங்களைத் தக்கவைக்கும் நோக்கில் செய்யப்பட்ட இந்த மாற்றத்தால், சில ஆயிரம் பிரதிகள் மட்டுமே விற்கும் சிறு குழு 30 விழுக்காடு செலுத்த, மாபெரும் நிறுவனம் அதைவிடக் குறைவாகச் செலுத்தும் நிலை உருவானது. இது நியாயமற்றது; இன்றுவரை திருத்தப்படவும் இல்லை.

எபிக் இரண்டு வழிகளில் ஆள் சேர்த்தது. முதலாவது, வாரந்தோறும் இலவசமாக ஒரு கேம் தருவது. பின்னர் ஆப்பிள் நிறுவனத்துக்கு எதிராக எபிக் தொடுத்த வழக்கில் 2021இல் வெளியான ஆவணங்களின்படி, கடை திறந்த முதல் சில மாதங்களில் 38 இலவச கேம்களுக்காக எபிக் சுமார் 1.16 கோடி டாலர் செலவிட்டது. அதன் மூலம் ஏறத்தாழ 50 லட்சம் புதிய கணக்குகள் கிடைத்தன. 2020 மே மாதத்தில் ஜிடிஏ 5 கேமை இலவசமாக அறிவித்தபோது வந்து குவிந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் எபிக்கின் தளம் மணிக்கணக்கில் முடங்கியது. இரண்டாவது வழி, ‘பிரத்யேக வெளியீடு’ எனப்படுவது: ஒரு கேம் குறிப்பிட்ட காலத்துக்கு, வழக்கமாக ஓர் ஆண்டுக்கு, வேறு கடைகளில் விற்கப்படக் கூடாது என்ற ஒப்பந்தம். இதற்கு ஈடாக, கேம் விற்றாலும் விற்காவிட்டாலும் இவ்வளவு பணம் நிச்சயம் என்று எபிக் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் தந்தது. பார்டர்லேண்ட்ஸ் 3 என்ற ஒரே கேமுக்கு அந்த உத்தரவாதம் 8 கோடி டாலர்.

பிரத்யேக வெளியீடு எந்த அளவுக்கு அவசரமாகத் திணிக்கப்பட்டது என்பதை மெட்ரோ எக்ஸோடஸ் கேமின் பெட்டியே காட்டியது. ஸ்டீமில் மாதக்கணக்கில் முன்பதிவு நடந்துகொண்டிருந்த அந்த கேம், 2019 பிப்ரவரியில் வெளியாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களே இருந்தபோது எபிக்குக்கு மாற்றப்பட்டது. அதற்குள் அச்சாகிவிட்ட பெட்டிகளில் இருந்த ஸ்டீம் சின்னத்தின் மேல் எபிக்கின் சின்னம் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டி விற்பனைக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் மட்டும் அந்த கேமின் விலை 60 டாலரிலிருந்து 50 டாலராகக் குறைக்கப்பட்டது. கமிஷன் குறைந்ததன் பலன் வாங்குபவரை எட்டிய மிகச் சில நிகழ்வுகளில் அது ஒன்று.

எபிக்கின் கடை அப்போது இருந்த நிலையையும் சொல்லியாக வேண்டும். பல பொருள்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே முறையில் பணம் செலுத்த உதவும் கூடை, அதாவது எந்த இணையக் கடையிலும் முதல் நாளே இருக்கும் ‘கார்ட்’ என்னும் வசதி, எபிக்கில் 2021 டிசம்பரில்தான் வந்தது, கடை திறந்து மூன்று ஆண்டுகள் கழித்து. 2019 மே மாதத் தள்ளுபடியின்போது, கூடை இல்லாததால் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியே பணம் செலுத்தியவர்களில் சிலரின் கணக்குகளை, மோசடி நடப்பதாகக் கருதி எபிக்கின் பாதுகாப்பு மென்பொருளே முடக்கிவிட்டது. உருவாக்குநர்களின் பணப்பெட்டிக்குக் கோடிகளைக் கொட்டிய நிறுவனம், வாங்க வந்தவருக்கு ஒரு கூடை கொடுக்க மறந்திருந்தது என்பதிலிருந்தே அந்தப் போட்டி யாரை நோக்கி நடந்தது என்பது விளங்கும். வால்வ் உருவாக்குநர்களுக்கு 88 விழுக்காடு தர நிரந்தரமாக ஒப்புக்கொண்டால் பிரத்யேக ஒப்பந்தங்களை நிறுத்திவிடுவதாக 2019 ஏப்ரலில் ஸ்வீனி வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய வாதம் நேர்மையானது. ஆனால் அதில் வாங்குபவருக்கான கோரிக்கை ஒன்றுகூட இல்லை.

எபிக்குடன் ஒப்பந்தம் செய்த சிறு குழுக்கள் மீது வாங்குபவர்களில் ஒரு பகுதியினர் காட்டிய வெறுப்பும் மன்னிக்கத்தக்கதன்று. 2019 ஆகஸ்டில் ஊப்லெட்ஸ் என்ற கேமை உருவாக்கிய இரண்டு பேர் கொண்ட குழு, எபிக்கில் மட்டும் வெளியிடப் போவதாக அறிவித்தவுடன், ஆயிரக்கணக்கான வசைகளையும் மிரட்டல்களையும் எதிர்கொண்டது. நிச்சயமான வருமானத்தை ஏற்றுக்கொண்டதைத் தவிர அவர்கள் வேறு தவறேதும் செய்யவில்லை.

இவ்வளவு செலவின் விளைவு என்ன? எபிக் தானே ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி 2024இல் அதன் கணினிப் பயனாளர் கணக்குகள் 29.5 கோடி, ஆனால் பிற நிறுவனங்களின் கேம்களுக்காக அவர்கள் செலவிட்ட தொகை 2022இல் 35.5 கோடி டாலராக இருந்து 2024இல் 25.5 கோடியாக இறங்கியது. இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ள வந்தவர்களில் பெரும்பாலோர், பணம் கொடுத்து வாங்க மீண்டும் ஸ்டீமுக்கே போனார்கள் என்று இதை வாசிப்பதே பொருத்தம். கடை இன்னும் லாபம் ஈட்டவில்லை என்று எபிக்கின் கடைப் பொறுப்பாளரே 2023இல் நீதிமன்றத்தில் சொன்னார்.

கமிஷன் குறைவாக இருந்தும் விலை ஏன் குறையவில்லை என்பதற்கு நீதிமன்றத்தில் இன்னொரு விளக்கம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. உருவாக்குநர்கள் ‘கீ’ எனப்படும் எண்ணெழுத்துக் குறியீடுகளை ஸ்டீமிலிருந்து கட்டணமின்றிப் பெற்று வேறு கடைகளில் விற்கலாம். அந்த விற்பனையில் வால்வ் பங்கு கேட்பதில்லை. ஆனால் ஸ்டீம் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் விலையைவிட மலிவாக அங்கே தொடர்ந்து விற்கக் கூடாது என்பது நிபந்தனை. கீ வழியாக விற்கப்படாத, ஸ்டீமுடன் தொடர்பே இல்லாத பதிப்புகளுக்கும் வால்வ் இந்த நிபந்தனையை நீட்டிக்கிறது என்பது 2021இல் வுல்ஃபயர் கேம்ஸ் என்ற கேம் உருவாக்கும் நிறுவனம் அமெரிக்காவில் தொடுத்த வழக்கின் சாரம். வால்வ் அதை மறுக்கிறது. 2024 நவம்பரில் இந்த வழக்கு, ஸ்டீமில் விற்கும் மற்ற நிறுவனங்களையும் உள்ளடக்கிய குழு வழக்காக ஏற்கப்பட்டது. குற்றச்சாட்டு உண்மையென நிரூபிக்கப்பட்டால், குறைந்த கமிஷன் வாங்கும் கடை அதன் பலனை விலைக்குறைப்பாகக் காட்டவே முடியாமல் போனதற்கான காரணம் தெளிவாகிவிடும்.

நாடுகளுக்கு ஏற்ப விலை வேறுபடுவதும் இந்தப் போட்டியில் பேசப்படாத பகுதி. 2023 நவம்பரில் துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் உள்ளூர் நாணய விலையைக் கைவிட்டு ஸ்டீம் டாலருக்கு மாறியபோது, அங்கே பல கேம்களின் விலை ஒரே நாளில் பல மடங்காகியது. ஐரோப்பாவிலோ, கிழக்கு நாடுகளில் மலிவாக விற்கப்பட்ட கீகள் மற்ற ஐரோப்பிய நாடுகளில் இயங்காதபடி தடுத்ததற்காக, 2021 ஜனவரியில் வால்வ் மீதும் ஐந்து வெளியீட்டு நிறுவனங்கள் மீதும் ஐரோப்பிய ஆணையம் மொத்தம் 78 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

போட்டியின் அச்சம் வாங்குபவருக்கு நேரடியாகப் பயன்பட்ட இடம் வேறொன்று இருக்கிறது, அதில் எபிக்குக்குப் பங்கு இல்லை. விண்டோஸ் 8 உடன் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடையைப் புகுத்தியதைக் கண்ட நியூவெல், 2012இல் அதைக் கணினித் துறைக்கே பேரழிவு என்று கண்டித்தார். விண்டோஸை நம்பியே இருந்தால் ஒருநாள் தன் கடை வெளியே தள்ளப்படலாம் என்ற அச்சத்தில் வால்வ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் பக்கம் திரும்பியது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேம்களை லினக்ஸில் ஓடச் செய்யும் புரோட்டான் 2018இலும், அதை நம்பி உருவான ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி 2022இலும் வந்தன. புரோட்டானின் மூலநிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்திருப்பதால், இந்த ஆதாயம் ஸ்டீமின் வாடிக்கையாளர்களோடு நின்றுவிடவில்லை.

எனினும் பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் சட்டப் பெயர் ‘உரிமம்’: வாங்குபவருக்குக் கேம் சொந்தமாவதில்லை, ஆடுவதற்கான அனுமதியே கிடைக்கிறது. பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், ஸ்டீமில் வாங்கிய கேமை மறுவிற்பனை செய்ய வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெற்றோரின் ஸ்டீம் கணக்கைப் பிள்ளைகளுக்கு உயில் மூலம் எழுதி வைக்க முடியாது என்பது 2024இல் ஸ்டீம் உதவிப் பிரிவின் பதிலால் மீண்டும் உறுதியானது. அதே ஆண்டு மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் தன் சேவையகங்களை நிறுத்தியதால், தி க்ரூ என்ற கார் பந்தய கேமை விலை கொடுத்து வாங்கிய அனைவரும் அதைத் தனியாக ஆடும் வாய்ப்பையும் சேர்த்தே இழந்தார்கள். கலிஃபோர்னியா மாநிலம் இயற்றி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், விற்பது உரிமம்தான் என்பதைக் கடைகள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதையொட்டி ஸ்டீமும் பணம் செலுத்தும் பக்கத்தில் ஓர் அறிவிப்பைச் சேர்த்தது. உண்மையைச் சொல்ல வைத்தது அந்தச் சட்டம், உரிமையைத் தரவில்லை.

சட்டப்படி இல்லாவிட்டாலும் நடைமுறையில் உரிமையைத் தரும் கடை ஒன்று 2008 முதல் இருந்து வருகிறது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் தொடங்கிய ஜிஓஜி, பிரதியெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் என்னும் பூட்டு எதுவும் இல்லாமல் கேம்களை விற்கிறது. நிறுவும் கோப்பைத் தரவிறக்கி ஒரு வன்தட்டில் வைத்துக்கொண்டால், நாளை அந்தக் கடையே இல்லாமல் போனாலும் கேம் ஓடும். 2016இல் அது தொடங்கிய ஜிஓஜி கனெக்ட் திட்டம், ஸ்டீமில் ஏற்கெனவே வாங்கிய சில கேம்களைக் கூடுதல் பணமின்றி ஜிஓஜியிலும் பெற்றுக்கொள்ள வழிசெய்தது. வாங்கிய பொருளோடு கடை மாறும் உரிமை என்றால் என்ன என்பதை நடைமுறையில் காட்டிய முயற்சி அது. வெளியீட்டு நிறுவனங்களின் ஒப்புதல் ஒவ்வொரு கேமுக்கும் தேவைப்பட்டதால் பட்டியல் குறுகியதாகவே இருந்தது, பின்னர் திட்டமும் நிறுத்தப்பட்டது. கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமையைப் பல நாடுகளின் அரசுகள் சட்டத்தால் பெற்றுத் தந்திருக்கும்போது, கேம் கடைகளிடம் அதைக் கேட்பது மிகையான ஆசையன்று.

அத்தகைய சட்டம் வரும் வரை வாங்குபவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒரு கேம் டிஆர்எம் இல்லாமலும் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால், சில ரூபாய் கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். ஸ்டீமில் வாங்குவதானால், அந்த கேமின் பக்கத்தில் வேறு நிறுவனத்தின் டிஆர்எம்மோ தனிக் கணக்கோ தேவை என்ற குறிப்பு இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பணம் செலுத்துங்கள். ஜிஓஜியில் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், நிறுவும் கோப்புகளை இந்த வாரமே தரவிறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.